தேங்காய் ஒருபோதும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை

போன மாசியில் சித்தப்பா போன் பண்ணினார். “மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் இருக்காராம். தேங்காய் வச்சுப் பார்த்தார்னா தப்பவே தப்பாதாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன், நீயும் வா” என்றார். நான்காவது போர் போடப் போகிறார் என்று புரிந்துவிட்டது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். கரிசல் மண், சீமைக்கருவேலம், மழை பெய்தால் நிறைகிற, பெய்யாவிட்டால் ஆடு மேய்கிற கண்மாய். சித்தப்பாவுக்கு மூன்றரை ஏக்கர். ஆறு வருடத்தில் மூன்று போர் போட்டார். முதலாவதில் கொஞ்சம் தண்ணீர் வந்து, இரண்டாவது கோடையில் நின்றது. இரண்டாவதில் உப்புத்தண்ணி. மூன்றாவதில் அறுநூறு அடி வரை வெறும் மாவுதான் பறந்தது. மூன்றுக்கும் சேர்த்து வைத்த நகைக்கடன் இன்னும் முழுசாக மீட்கப்படவில்லை. மூன்று இடங்களையும் வேறு வேறு ஆட்கள் ‘பார்த்து’ச் சொன்னார்கள். ஒருவர் வேப்பங்குச்சி, ஒருவர் செம்புக் கம்பி, ஒருவர் தேங்காய்.

திருச்சுழி என்ற பெயருக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. பிரளய வெள்ளம் வந்தபோது சிவன் சூலத்தால் பூமியில் துளை போட, வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டதாம். அந்தச் சுழிதான் ஊர்ப்பெயர் என்பார்கள். ரமண மகரிஷி 1879இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். புராணப்படி உள்ளே இறங்கிய வெள்ளத்தை நாங்கள் இன்னமும் துளை போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ஆவி, குறி, செய்வினை, மந்திர வைத்தியம் பற்றி இங்கே நிறையக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். நீரோட்டம் பார்ப்பதைப் பற்றி எழுதியதே இல்லை. எழுதாததற்குக் காரணம், அதை யாரும் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேய் ஓட்டுகிறவரைக் கிண்டல் செய்யும் படித்த ஆட்கள்கூட போர் போடும்போது தேங்காயோடு ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் அதிகப் பணத்தை இழப்பது பேயிடம் இல்லை, இதில்தான்.

என் கையிலும் நின்றது

பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் என்று எதுவும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கோடு வைப்பதை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். குடுமியோடு உரித்த தேங்காய் ஒன்றை விரித்த உள்ளங்கையில் படுக்கை வசமாக வைத்துக்கொண்டு, குடுமி விரல் பக்கம் பார்த்திருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார். வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் தேங்காய் அசைந்தது, பிறகு அப்படியே எழுந்து நின்றது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் ‘இப்ப என்ன சொல்றே?’ என்று இருந்தது.

“அய்யா, நான் ஒரு தடவை பார்க்கலாமா?” என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். “எல்லாருக்கும் வராது தம்பி, ராசி வேணும்.”

எனக்கு வந்தது. அவர் காட்டிய அதே இடத்துக்கு வந்ததும் தேங்காய் என் கையிலும் எழுந்தது. நான் எதுவும் செய்யவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். முழங்கை வரை ஒரு சிலிர்ப்பு. இந்த அனுபவத்தைத் தெரியாமல் நீர் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்வது சரியில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது பொய்யாக நடிப்பது இல்லை. உள்ளே இருக்கிறவருக்கு அது உண்மையாகவே நடக்கிறது.

கை முந்துகிறது, மனம் பிந்துகிறது

இதற்கு ஒரு பெயர் 1852இலேயே வைத்துவிட்டார்கள். ஒரு எதிர்பார்ப்பு மனதில் இருந்தால், நமக்குத் தெரியாமலேயே தசைகள் அதற்கேற்ப நுணுக்கமாக அசையும் என்று வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். ‘ஐடியோமோட்டார் விளைவு’ என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

அடுத்த வருடமே மைக்கேல் ஃபாரடே அதைக் கையும் களவுமாகப் பிடித்தார். மின்சாரத்தில் ஆராய்ச்சி செய்த அதே ஃபாரடேதான். அப்போது லண்டனில் மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கையை வைத்தால் ஆவி வந்து மேசையை நகர்த்தும் என்று ஒரு மோகம். ஃபாரடே அட்டைகளை அடுக்கி, இடையில் இளகிய பசை தடவி, அதை மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மேசை கையை இழுத்திருந்தால் கீழ் அட்டை முதலில் நகர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மேல் அட்டை, அதாவது கை, முதலில் நகர்ந்திருந்தது. பிறகு, கை லேசாக நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கிற ஒரு முள்ளைப் பொருத்தி, அதை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் மேசை நகர்வதே நின்றுபோனது. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, தங்கள் கை தள்ளுவது தங்களுக்கே தெரியவில்லை.

நீர் பார்க்கிற கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. எல்லாமே விழப் போகிற நிலையில் வைக்கப்பட்டவை. கவட்டைக் குச்சியை இரண்டு பக்கமும் வளைத்து இழுத்துப் பிடிக்கிறோம். மணிக்கட்டு ஒரு இழை திரும்பினாலும் விசையோடு கவிழும். செம்புக் கம்பியைத் தளர்வாகப் பிடிக்கிறோம்; கை ஒரு துளி சாய்ந்தால் சுழலும். உருண்டைத் தேங்காயைப் படுக்க வைக்கிறோம். விரல் லேசாக மடங்கினால் உருளும், உள்ளே இருக்கிற இளநீரும் கூடச் சேர்ந்து ஆடும், உள்ளங்கைக் குழி அதைத் தாங்கி நிறுத்தும். கையின் சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவிகள் இவை. தண்ணீர் இருக்கிறதா என்று இவற்றுக்குத் தெரியாது. தண்ணீர் இருக்கிறது என்று நாம் நினைப்பது மட்டும் தெரியும்.

“ஆனா தண்ணி வந்துச்சே?”

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. பக்கத்து வீட்டு அண்ணாச்சி தோட்டத்தில் தேங்காய் நின்ற இடத்தில்தானே தண்ணீர் கொட்டுகிறது?

பூமிக்கடியில் நீரோட்டம் என்றால், குண்டாறு மாதிரி ஒரு ஆறு உள்ளே ஓடுவதாகப் பலரும் மனதில் படம் வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் பெரும்பகுதி அடியில் கடினப்பாறை. அதன் மேல்பகுதி காலப்போக்கில் சிதைந்து பொடிந்த அடுக்கு. கடற்பஞ்சு மாதிரி அது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர். மேலடுக்குத் தண்ணீர் ஒரு கோடாக ஓடுவதில்லை, பரப்பாகக் கிடக்கிறது. ஆகவே நல்ல மழை பெய்த வருடத்தில் எங்கே தோண்டினாலும் ஏதோ கொஞ்சம் ஊறும்.

ஒரு ஊரில் பத்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போர் போட்டால் ஆறில் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேங்காய் வைத்துப் பார்க்கிறவரும் பத்துக்கு ஆறு சரியாகச் சொல்வார். அந்த ஆறு பேரும் ஊர் ஊராகப் போய் அவர் புகழ் பாடுவார்கள். மற்ற நாலு பேர்? “நம்ம நேரம் சரியில்ல” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். தோல்வி பார்த்தவர் கணக்கில் ஏறுவதில்லை, இழந்தவர் ஜாதகத்தில் ஏறிவிடுகிறது.

எனவே “தண்ணீர் வந்ததா?” என்பது சரியான கேள்வி இல்லை. “பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா?” என்பதுதான் கேள்வி. அதை யாரும் சோதிப்பதில்லை. பத்தடி தள்ளி இன்னொரு போர் போட யாரிடம் பணம் இருக்கிறது?

போட்டுப் பார்த்தவர்கள்

பணம் இருந்தவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நமக்குக் கிட்டத்திலிருந்து தொடங்கினால் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1898இல் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்புப் பக்கத்திலும் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அமானுஷ்ய சக்தி உண்டு என்று காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். உறையில் வைத்து ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்ல வேண்டும், மறைத்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். மண்ணுக்கடியில் இருக்கிற தண்ணீரும் மறைத்து வைத்த பொருள்தானே. 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பிறகு கோவை போத்தனூரிலிருந்த பிரேமானந்த் அந்தச் சவாலை எடுத்து நடத்தினார். 2009இல் அவர் காலமாகும்வரை அவரிடமும் யாரும் ஜெயிக்கவில்லை.

தண்ணீருக்கென்றே நடந்த பெரிய சோதனை ஜெர்மனியில், 1987-88இல், மியூனிக் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில். சுமார் 500 பேரைப் பார்த்து, அதில் திறமையானவர்கள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடுகிற குழாயை வண்டியில் வைத்து இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மேல்தளத்தில் 10 மீட்டர் கோட்டில் நடந்து குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். மொத்தம் 843 தடவை. நடத்தியவர்கள், சிலருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்று எழுதினார்கள். ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தார். நடக்கவே நடக்காமல் ஒவ்வொரு முறையும் “நடுவில்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவரைவிட, இருந்ததிலேயே சிறந்த ஆள் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் நெருங்கியிருந்தார். 10 மீட்டரில் 4 மில்லிமீட்டர்!

1990களின் தொடக்கத்தில் அதே நாட்டில் காசல் ஊரில் இன்னொன்று. அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய், இடம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இப்போது தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொன்னால் போதும். கலந்துகொண்டவர்கள் விதிமுறை நியாயம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். கிடைத்த முடிவு, காசு சுண்டிப் பார்த்தால் என்ன வருமோ அது.

இதே கருவி தண்ணீரை விட்டு வேறு பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஏடிஇ 651 என்று ஒரு ‘வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி’. ஒரு கைப்பிடி, அதில் தளர்வாக ஆடும் ஒரு கம்பி. நம்ம செம்புக் கம்பியேதான். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரி அதை இராக் அரசுக்குக் கோடிக்கணக்கான டாலருக்கு விற்றார். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் போலீஸ்காரர்கள் அந்தக் கம்பியை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது.

துண்டு கட்டிய தேங்காய்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அய்யா, கோவிச்சுக்கக் கூடாது. கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு சுத்து நடந்து பார்க்க முடியுமா? எடம் மாறலேன்னா எனக்கும் நம்பிக்கை வந்துரும்.”

சித்தப்பா முறைத்தார். பெரியவர் கோபப்படவில்லை. “கட்டு தம்பி. தண்ணி எங்கன போயிரப் போகுது?”

முதல் சுற்றில் தேங்காய் நின்ற இடத்தை வரப்பிலிருந்து அடியளந்து நோட்டில் குறித்துக்கொண்டு, வைத்த கல்லை எடுத்துவிட்டோம். அந்தச் சுற்றைப் பார்க்காத சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, பெரியவர் கையைப் பிடித்து இஷ்டத்துக்குச் சுற்றிக் கூட்டிப் போகச் சொன்னேன். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மூன்று சுற்று. மூன்று தடவையும் தேங்காய் நின்றது. மூன்றும் வேறு வேறு இடம். ஒன்றுகூட முதல் இடத்துக்கு நாற்பது அடிக்குள் வரவில்லை. ஒன்று, ஏற்கனவே மாவு பறந்த மூன்றாவது போருக்குப் பக்கத்திலேயே.

துண்டை அவிழ்த்ததும் அவர் கற்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “துண்டைக் கட்டுனா தேங்காய்க்கும் கண்ணு தெரியாது தம்பி.”

நான் எத்தனை பக்கம் எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு ஆள், மூன்று சுற்று என்பது ஆய்வே ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் அவருக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஐம்பது வருடம் காடு மேடு நடந்த கண். மேடு பள்ளம், எங்கே புல் காயாமல் இருக்கிறது, யார் கிணற்றில் என்ன மட்டம், எல்லாம் பார்த்துப் பழகிய கண். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நாவல் மரம், கறையான் புற்று என்று அடையாளம் வைத்து நீர் தேடச் சொல்லும் ஒரு அத்தியாயமே உண்டு. எல்லாம் பலிக்கும் என்று சொல்லவில்லை. சிலது பலிக்கலாம், பலிக்காததைத் தோண்டிப் பார்த்துக் கழித்துவிடலாம். பெரியவரிடம் ஏதாவது அறிவு இருந்தால் அது கண்ணில் இருக்கிறது, தேங்காயில் இல்லை. மரியாதையை எல்லாம் தேங்காய்க்குக் கொடுத்துவிட்டதால், அந்தக் கண் எப்போது சரியாகப் பார்த்தது, எப்போது தவறியது என்று யாரும், அவரும்கூட, கணக்கு வைக்கவில்லை.

ஒயர் சொன்ன பதில்

நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை சிறு கட்டணத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொடுக்கிறது. சித்தப்பாவைச் சமாதானப்படுத்தி விண்ணப்பம் போட வைத்தேன். தரையில் இரும்புக் கம்பிகளை ஊன்றி, ஒயர் மாட்டி, மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி ஊன்ற ஊன்ற இன்னும் ஆழத்தின் கணக்கு கிடைக்கும். காய்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். ஈரமான சிதைந்த பாறை விட்டுவிடும். இதிலும் ஏமாற இடம் உண்டு. களிமண்ணும் உப்புத்தண்ணியும்கூட மின்சாரத்தை விடும். ஆழத்தில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தால் அது தப்பிப் போகலாம். ஆகவே இது வாய்ப்பைத்தான் சொல்லும், வாக்குறுதி கொடுக்காது. ஆனால் கண்ணைக் கட்டினாலும் எண் மாறாது. வேறு ஆள் வந்து அதே இடத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

சித்தப்பா நிலத்துக்கு வந்த பதில்: ஆழ்துளைக்கு வாய்ப்பு குறைவு.

“இல்லைன்னு சொல்றதுக்கா இம்புட்டு ஒயரு?” என்றார் சித்தப்பா. அவர் குரலில் எரிச்சல்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஒரு பொறி தட்டியது. ஆறு வருடத்தில் அந்த நிலத்தைப் பற்றி யாராவது ‘இல்லை’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேப்பங்குச்சி சொல்லவில்லை, கம்பி சொல்லவில்லை, தேங்காய் சொல்லவில்லை. அவை நடந்துகொண்டே இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் நின்றே தீரும், ஏனென்றால் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குறி சொல்பவரோ, மந்திர வைத்தியரோ, நீர் பார்ப்பவரோ, யாரைச் சோதிப்பதற்கும் இப்போது நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். இவர் ‘இல்லை’ என்று சொன்ன நாள் உண்டா? “இந்த நிலத்துல போர் போடாதீங்க”, “இந்த நோய் என்னால ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா? அடுத்தது, கண்ணைக் கட்டினாலும் அதே பதில் வருமா? மூன்றாவது, தவறிப்போன கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் நகையை அடகுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த வருடம் சித்தப்பா மானாவாரியாகக் குதிரைவாலியும் உளுந்தும் போட்டிருக்கிறார். சித்தியின் வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, ஆனால் புதுசாக எதுவும் போகவில்லை. போர் வண்டிக்காரர் நம்பரை அவர் போனிலிருந்து அழிக்கவில்லை. போன வாரம் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு உரித்த தேங்காயைக் கையில் வைத்துத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று சித்தியைக் கூப்பிட்டு, “இந்தா, சட்னிக்கு ஆகும்” என்று உள்ளே கொடுத்துவிட்டார்.